புதிய கைப்பேசியும் பழைய கணக்கும்

புதிய கைப்பேசியைக் கையில் எடுத்த முதல் சில நிமிடங்களில் நம் மனத்தில் பதிவன பெரும்பாலும் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டுபவையே. திரை முன்னதைவிட அகலமாக இருக்கிறது. எழுத்துகள் துலக்கமாகத் தெரிகின்றன. தொட்ட மாத்திரத்தில் செயலிகள் திறக்கின்றன. காலையில் ஏற்றிய மின்சாரம் இரவு வரை தாங்குகிறது. கூடவே, பழகிய சில வசதிகள் இல்லாமற்போனதும் உறைக்கிறது. திரையின் அடியில் இருந்த மூன்று பொத்தான்களுக்குப் பதிலாக, ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டியிருக்கிறது. இயர்போனைச் செருகும் வட்டத் துளை பல மாதிரிகளில் இல்லை. பெட்டிக்குள் சார்ஜர் வைக்கும் வழக்கத்தை 2020இல் ஆப்பிள் நிறுவனம் கைவிட்டது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் சில மாதிரிகளில் அவ்வழியே சென்றன. நல்ல மாற்றமும் உண்டு. 2023இல் வெளிவந்த ஐபோன் 15 முதல், ஐபோன்களும் யுஎஸ்பி-சி முனைக்கு மாறிவிட்டதால், வீட்டில் உள்ள பல கைப்பேசிகளுக்கு இப்போது ஒரே கேபிள் போதுமானதாகிறது.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிப்போகும். ஆனால் புதிய கைப்பேசி தரும் மற்றொரு முதல் அனுபவம், வங்கிச் செயலியைத் திறக்கும்போது நேர்கிறது. புகைப்படங்கள், தொடர்பு எண்கள், பாடல்கள், ஏன், திரையின் பின்னணிப் படம் வரை அனைத்தும் பழைய கைப்பேசியிலிருந்து அப்படியே வந்து சேர்ந்திருக்கும். வங்கிச் செயலியின் சின்னமும் வந்திருக்கும். ஆனால் அதைத் தொட்டால், இதுவரை நம்மைக் கண்டே அறியாததுபோல அது முதலிலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கும். “எல்லாம் வந்துவிட்டது; வங்கி மட்டும் ஏன் என்னை மறந்துவிட்டது?” என்பது எங்கள் கிளைகளில் வாடிக்கையாளர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. அதற்கு விடை கூறுவதும், கைப்பேசி மாற்றும் நாள்களில் பணம் முடங்காமலும் பறிபோகாமலும் இருக்கச் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வங்கி நம்மை மறக்கவில்லை

வங்கி மறக்கவில்லை, அது பார்த்தறியாதது அந்தக் கருவியைத்தான். கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம் மூன்று தனித்தனிச் சான்றுகளின்மேல் நிற்கிறது. முதலாவது, கணக்கில் பதிவு செய்யப்பட்டுள்ள கைப்பேசி எண். இரண்டாவது, அந்த எண்ணோடு பிணைக்கப்பட்ட குறிப்பிட்ட கருவி. மூன்றாவது, நம் நினைவில் மட்டுமே இருக்க வேண்டிய இரகசியப் பின் எண். இம்மூன்றும் ஒன்றுகூடினால்தான் பணம் நகரும். கைப்பேசியை மாற்றும்போது முதலாவதும் மூன்றாவதும் மாறுவதில்லை. இரண்டாவது முற்றிலும் புதிதாகிறது. ஆகவே அதை மட்டும் மீண்டும் நிறுவுமாறு வங்கி கேட்கிறது.

இப்பிணைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிந்துகொண்டால், முதல் நாளில் எழும் சிக்கல்களில் பாதி தாமே விளங்கிவிடும். செயலியில் பதிவைத் தொடங்கியதும், மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு குறுஞ்செய்தி நம் கைப்பேசியிலிருந்து வங்கியின் அல்லது சேவை நிறுவனத்தின் எண்ணுக்குச் செல்கிறது. பொருளற்ற எழுத்துக் கோவைபோலத் தோன்றும் அச்செய்தியே இங்கு அடையாளச் சீட்டு. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை வலையமைப்பின் வாயிலாக அறியும் வங்கி, அந்த எண் எந்தக் கணக்கில் பதிவாகியுள்ளது என்று பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் எண், சிம் அட்டை, கருவி ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்துக்கொள்கிறது.

வழக்கமான ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., வங்கியிலிருந்து நமக்கு வருவது. இந்தக் குறுஞ்செய்தியோ நம்மிடமிருந்து வங்கிக்குச் செல்வது. நமக்கு வரும் ஓ.டி.பி.யை மற்றொருவர் பேசி மயக்கிக் கேட்டுப் பெற்றுவிட முடியும். ஆனால் நம் சிம் அட்டை இல்லாத ஒரு கருவி, நம் எண்ணிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியை அனுப்புவது கடினம். திசை மாறியிருப்பதில்தான் பாதுகாப்பு அடங்கியுள்ளது.

கைரேகையும் முக அடையாளமும் ஏன் வந்து சேரவில்லை என்றும் சிலர் வினவுவதுண்டு. அவை கைப்பேசியின் உள்ளே தனித்துப் பூட்டப்பட்ட ஒரு பகுதியில் சேமிக்கப்படுகின்றன. அவற்றை வேறு கருவிக்குப் படியெடுத்துச் செல்ல இயலாதவாறே அப்பகுதி வடிவமைக்கப்பட்டுள்ளது. கைப்பேசியைத் தட்டிப் பணம் செலுத்துவதற்காகச் சேர்த்து வைத்த அட்டையின் நிலையும் இதுவே. அங்கே கருவியில் இருப்பது அட்டை எண் அன்று. அதற்கு மாற்றாக அந்தக் கருவிக்கென்றே உருவாக்கப்பட்ட டோக்கன் எண். புதிய கருவிக்குப் புதிய டோக்கன் தேவை.

யுபிஐ பின் எண்ணின் நிலை வேறு. 4 அல்லது 6 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணைச் சரிபார்ப்பது கணக்கு வைத்துள்ள வங்கி. அது கைப்பேசியில் சேமிக்கப்படுவதில்லை. ஆதலால் கைப்பேசியை மாற்றுவதாலேயே பின் எண்ணை மாற்ற வேண்டிய கட்டாயம் பொதுவாக எழுவதில்லை. மறந்துவிட்டால் மட்டும் டெபிட் அட்டை விவரங்களைக் கொண்டோ, வசதி அளிக்கப்பட்டுள்ள வங்கிகளில் ஆதார் வழிச் சரிபார்ப்பின் மூலமோ புதிதாக அமைத்துக்கொள்ளலாம். மாதத் தவணை, காப்பீட்டுக் கட்டணம் போன்றவற்றுக்காக வங்கியில் பதிவு செய்து வைத்த நிலையான பற்று ஆணைகளும் கைப்பேசியில் இருப்பவை அல்ல. அவை குறித்த நாளில் வழக்கம்போல் நடைபெறும்.

முதல் நாளில் தடுமாறும் இடங்கள்

பதிவு தோல்வியடைவதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளியவை.

இரட்டைச் சிம் கைப்பேசிகளில், வங்கியில் பதிவான எண்ணுக்குரிய சிம்முக்குப் பதிலாக மற்றதைத் தேர்ந்தெடுத்துவிடுவது முதற்காரணம். குறுஞ்செய்தி அனுப்ப இயலாதபடி அந்த எண்ணின் திட்டம் காலாவதியாகியிருப்பது இரண்டாவது. இணையம் வைஃபை மூலம் கிடைத்துக்கொண்டிருப்பதால், சிம்மின் திட்டம் முடிந்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. குறுஞ்செய்தி அனுப்பவும் சிம் விவரத்தை அறியவும் செயலி கேட்கும் அனுமதியை மறுத்துவிடுவது மூன்றாவது. ஐபோனில் செயலிகள் தாமாகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. செய்தி எழுதப்பட்ட நிலையில் திரையில் தோன்றும், அனுப்பும் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவோர் இதை ஏதோ பிழையென்று எண்ணி விலகிவிடுகின்றனர்.

இவற்றைவிடப் பெரிய தடை, கைப்பேசியோடு சிம்மையும் மாற்றும்போது வருகிறது. பழைய சிம் பழுதுபட்டிருக்கலாம். புதிய கருவி இ-சிம்மை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். வேகமான வலையமைப்புக்காக மாற்றியிருக்கலாம். காரணம் எதுவாயினும், மாற்றுச் சிம் வழங்கப்பட்ட பின் முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வசதியை நிறுத்தி வைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. அழைப்புகள் வரும், இணையம் இயங்கும், ஆனால் ஓ.டி.பி. வராது, பிணைப்புக் குறுஞ்செய்தியும் செல்லாது. மேலும், சிம் மாற்றிய 7 நாள்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள இயலாது என்னும் விதியை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

பிணைப்பு வெற்றிகரமாக முடிந்த பிறகும் ஒரு வரம்பு காத்திருக்கும். புதிய கருவியில் யுபிஐ பதிவு செய்த பின், முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பக்கூடிய தொகை பல வங்கிகளிலும் செயலிகளிலும் 5,000 ரூபாய்க்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. ஐபோனில் இக்காலம் சில இடங்களில் 72 மணி நேரம் வரை நீள்கிறது. இதன் அளவும் காலமும் வங்கிக்கு வங்கி சற்று மாறுபடலாம்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இறுதி நாள், மருத்துவமனையில் முன்பணம் கேட்கும் வேளை, வீட்டு வாடகை செலுத்தும் தேதி போன்ற தருணங்களில் இவ்வரம்பு பெரும் இடையூறாகத் தோன்றும். அவ்வெரிச்சல் நியாயமானதே. ஆனால் இதே தடைகளை மற்றொரு கோணத்திலிருந்தும் நோக்க வேண்டும்.

காத்திருப்பு யாருக்காக?

கைப்பேசி மோசடிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று சிம் மாற்று மோசடி. நம் பெயரில் போலி ஆவணம் காட்டி, நம் எண்ணுக்கு மாற்றுச் சிம் பெறுகிறான் திருடன். அந்த நொடியில் நம் கைப்பேசியில் சிக்னல் மறைகிறது. அவனுடைய கைப்பேசியில் நம் எண் உயிர்பெறுகிறது. பிறகு அவன் செய்வது என்ன? ஒரு புதிய கைப்பேசி, அதில் நம் எண், வங்கிச் செயலியில் புதிய பதிவு. அதாவது, புதிய கைப்பேசி வாங்கிய நாளில் நாம் எதைச் செய்கிறோமோ, அதையேதான் அவனும் செய்கிறான்.

வங்கியின் கணினிக்கு முன்னால் இருவரும் முதற்பார்வையில் ஒரே தோற்றத்தில்தான் நிற்கிறோம். இருவரிடமும் அதே எண் இருக்கிறது; இருவரும் அறிமுகமில்லாத கருவியிலிருந்து வருகிறோம்; இருவரும் அவசரத்தில் இருக்கிறோம். இருவரையும் பிரித்தறிய உதவுவது காலம் ஒன்றே. 24 மணி நேரம் குறுஞ்செய்தி நின்றிருக்கும்போது, உண்மையான உரிமையாளர் தம் கைப்பேசியில் சிக்னல் இல்லாததைக் கவனித்துத் தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கேட்க நேரம் கிடைக்கிறது. 5,000 ரூபாய் வரம்பு இருக்கும்போது, ஒருவேளை திருடன் உள்ளே நுழைந்துவிட்டாலும் கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் துடைத்தெடுக்க முடியாமற்போகிறது. நமக்கு ஒரு நாள் தொல்லையாக இருப்பது, திருடனுக்குச் சுவராக இருக்கிறது. சுவரில் நமக்கென்று மட்டும் ஒரு வழி திறந்துவைக்க முடிவதில்லை; திறந்தால் அவனும் அவ்வழியே வருவான்.

இதை உணர்ந்தால், நாம் செய்ய வேண்டியதும் தெளிவாகிறது. தடைகளைச் சுற்றிச் செல்லக் குறுக்குவழி தேடுவது முறையன்று. தடைகள் வரும் என்பதை முன்னறிந்து, அவற்றுக்கேற்ப நாளையும் வரிசையையும் திட்டமிடுவதே முறை.

மாறுவதற்கு முன்னும் பின்னும்

புதிய கைப்பேசி வந்த அன்றே பழையதைக் கடையில் மாற்றுக்குக் கொடுத்துவிடுவதுதான் பல இன்னல்களுக்கு மூலம். இயன்றவரை ஒரு வாரமாவது இரண்டும் நம் கையில் இருக்கட்டும். பின்வரும் வரிசை உதவும்.

1. பெரிய தொகை செலுத்த வேண்டிய தேதிக்கு முந்தைய மூன்று நாள்களில் கைப்பேசியை மாற்றாதீர்கள். தவிர்க்க இயலாதெனில், அத்தொகையைப் பழைய கைப்பேசியிலிருந்தே முன்கூட்டிச் செலுத்திவிடுங்கள்.

2. வங்கியில் பதிவாகியுள்ள எண் எது என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லையெனில், முதலில் கிளைக்கு வந்து அதைத் திருத்துங்கள். கைவிடப்பட்ட எண், குறைந்தது 90 நாள் இடைவெளிக்குப் பின், மற்றொருவருக்கு வழங்கப்படலாம். அவ்வாறு நேர்ந்தால் நம் கணக்கின் செய்திகள் முன்பின் அறியாதவர் கைக்குச் செல்லும்.

3. யுபிஐ லைட் வசதியில் பணம் வைத்திருந்தால், பழைய கைப்பேசியிலேயே அதை முடக்கி, மீதித் தொகையைக் கணக்குக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். பின் எண் இன்றிச் சிறு தொகைகளைச் செலுத்துவதற்காக 2022இல் அறிமுகமான இவ்வசதியின் இருப்பு, கருவியைச் சார்ந்தது. 2024 டிசம்பரில் அதன் உச்ச இருப்பு 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதால், இப்போது அதில் தங்கும் தொகை சிறிதென்று விட்டுவிடத்தக்கதன்று.

4. பழைய கைப்பேசியின் தரவுகளை நகலெடுத்து முடித்த பிறகே சிம்மை இடம் மாற்றுங்கள். அதே சிம்மை எடுத்துப் புதியதில் இடுவதே எளிய வழி. இந்நிலையில் 24 மணி நேரக் குறுஞ்செய்தித் தடை எழாது. மாற்றுச் சிம் அல்லது இ-சிம் தேவைப்படின், அதற்கெனத் தனியாக ஒரு நாளை ஒதுக்குங்கள்.

5. வங்கிச் செயலியை உரிய செயலிக் கடையிலிருந்து மட்டும் நிறுவுங்கள். வங்கியின் இணையதளத்தில் உள்ள இணைப்பின் வழியே செல்வது மேலும் பாதுகாப்பானது. இந்திய வங்கிகள் தம் இணையதள முகவரிகளை ‘.பேங்க்.இன்’ என முடியும் வகைக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியின் அந்த முடிவைப் பார்த்து உறுதிசெய்யலாம்.

6. முதலில் திரைப்பூட்டை அமையுங்கள். அதன் பின்பே வங்கிச் செயலியில் பதிவு செய்யுங்கள். பூட்டில்லாத கைப்பேசியில் வங்கியை வைப்பது, கதவில்லாத அறையில் பெட்டகத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

7. பதிவு முடிந்ததும், நம்பகமான ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அது சென்று சேர்ந்தால் மூன்று சான்றுகளும் பொருந்திவிட்டன என்று பொருள்.

8. டெபிட் அட்டையும் சிறிது ரொக்கமும் அந்த ஒரு நாளுக்குக் கைவசம் இருக்கட்டும். அட்டை, ஏடிஎம், கிளைச் சேவை ஆகியவை புதிய கருவியின் யுபிஐ வரம்பால் பாதிக்கப்படுவதில்லை.

அவசரத்தைத் தேடி வருவோர்

புதிய கைப்பேசியின் முதல் வாரத்தில் நாம் இயல்பைவிடச் சற்று எளிதில் ஏமாறக்கூடியவர்களாக இருக்கிறோம். எல்லாச் செயலிகளும் அனுமதி கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று அழுத்திப் பழகிவிடுகிறோம். ஓ.டி.பி.கள் அடுக்கடுக்காக வருகின்றன. எதற்கு எது என்று பார்ப்பதில்லை. ஏதேனும் தடைபட்டால், இணையத்தில் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணை அழைத்துவிடுகிறோம்.

அவ்வாறு கிடைக்கும் எண்களுள் போலியானவையும் உண்டு. மறுமுனையில் பேசுபவர் கனிவாகப் பேசுவார். நம் சிக்கலை உடனே தீர்ப்பதாகச் சொல்வார். திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். நிறுவியதும் நம் திரையில் தெரிவதனைத்தும் அவருக்கும் தெரியும். வேறு சிலர் ‘வங்கிச் செயலியின் புதிய பதிப்பு’ என்று கூறி வாட்ஸ்அப் வழியே ஒரு ஏபிகே கோப்பை அனுப்புவர். செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வரும் அத்தகைய கோப்பு, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்றுவிட்டால், ஓ.டி.பி.கள் நாம் பார்க்குமுன்பே அவர்களைச் சென்றடையும்.

எனவே வங்கியின் தொடர்பு எண்ணை டெபிட் அட்டையின் பின்புறத்திலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் பரிவர்த்தனை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண் வரிசையைப் பயன்படுத்த வேண்டுமென ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும், பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ வங்கி ஊழியர் எவரும் கேட்பதில்லை என்பதை மறவாதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையில்லை. அதைக் கேட்கும் திரை ஒவ்வொன்றும் பணம் வெளியே செல்லும் வாயிலே.

கைப்பேசியில் காரணமின்றி நீண்ட நேரம் சிக்னல் இல்லாமற்போனால், கோபுரக் கோளாறு என்று விட்டுவிடாமல், வேறொரு கைப்பேசியிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, நம் எண்ணுக்கு மாற்றுச் சிம் வழங்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐயம் உறுதியானால் உடனே வங்கிக்குத் தெரிவித்துச் சேவைகளை நிறுத்தச் செய்யுங்கள். பணம் போய்விட்டால் தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறிச் செல்லுமுன் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு கூடும்.

விரைந்து தெரிவிப்பதற்குச் சட்டவழிப் பயனும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்தது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நேர்ந்த இழப்பை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்பு வரை பொறுப்பேற்க நேரும். வாடிக்கையாளரே தம் இரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவரையே சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். ஆக, எந்நிலையிலும் தயங்கிக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கே செலவாகிறது. வெட்கத்தாலோ வீட்டாருக்கு அஞ்சியோ மறைக்க வேண்டியதில்லை.

பழைய கைப்பேசி எங்கே செல்கிறது?

நம் இல்லங்களில் பழைய கைப்பேசி எளிதில் ஓய்வு பெறுவதில்லை. அம்மாவுக்குச் செல்லும்; அல்லது பாடம் படிக்கும் பிள்ளைக்கு; அல்லது கடையில் விலை குறைப்புக்கு ஈடாகச் செல்லும்; அல்லது மேசை அறைக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். எங்குச் சென்றாலும் அதற்குள் நம் வாழ்க்கையின் பெரும்பகுதி எஞ்சியிருக்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆதார் அட்டையின் படம், காசோலையின் படம், ஆண்டுக்கணக்கான வங்கிக் குறுஞ்செய்திகள், ‘மறந்துவிடக் கூடாது’ என்று குறிப்பில் எழுதி வைத்த கடவுச்சொற்கள் ஆகிய இவையே ஒரு மோசடியாளன் விரும்பும் கருவூலம்.

செயலியை நீக்குவது மட்டும் போதாது. முதலில் வங்கி, யுபிஐ செயலிகளிலிருந்து முறையாக வெளியேறுங்கள். தட்டிப் பணம் செலுத்தச் சேர்த்த அட்டைகளை நீக்குங்கள். அடுத்து, கைப்பேசியில் இணைத்துள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை அகற்றுங்கள். அகற்றாமல் கொடுத்தால், திருட்டைத் தடுக்க அமைந்துள்ள பூட்டு புதியவரை உள்ளே விடாது. அதன் பின் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யுங்கள். இன்றைய கைப்பேசிகள் தரவுகளை மறையாக்கம் செய்தே சேமிப்பதால், இச்செயல் அந்த மறைச் சாவியையே அழித்து, எஞ்சியவற்றைப் படிக்க இயலாததாக்குகிறது. நினைவக அட்டையைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் ‘நாங்களே அழித்துக்கொள்கிறோம்’ என்று சொன்னாலும், நம் கையால் அழித்த பிறகே கொடுப்பது நன்று.

இரண்டாம் கையாகக் கைப்பேசி வாங்குவோர், அது திருட்டுப் பொருள் அல்ல என்பதை உறுதிசெய்யலாம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணை இட்டு, அக்கைப்பேசி முடக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம். நம் புதிய கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால், காவல் துறையில் புகார் அளித்து, அதே தளத்தின் வழியே அக்கருவியை முடக்க அந்த எண் தேவைப்படும். எண்ணைக் கைப்பேசிக்குள்ளேயே குறித்து வைத்தவருக்குக் கைப்பேசியோடு எண்ணும் தொலைந்துவிடும்.

முதியவர் கையில் புதிய கைப்பேசி

பெற்றோருக்குக் கைப்பேசி மாற்றித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பதிவுகளை விரைவாக முடித்துவிட வேண்டுமென்று அவர்களின் பின் எண்ணையும் நாமே அமைத்து, நம் கைரேகையையும் சேர்த்துவிடுகிறோம். உதவியாகத் தொடங்கும் இது, அவர்கள் தம் பணத்தின்மீது கொண்டுள்ள ஆளுகையைக் குறைத்துவிடுகிறது. அருகில் அமர்ந்து, அவர்கள் விரலாலேயே ஒவ்வொரு படியையும் செய்ய விடுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். செயலியில் தமிழ் மொழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அமையுங்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பழகும் பயிற்சியை இரண்டு, மூன்று முறை செய்யச் சொல்லுங்கள்.

திறன்பேசியே வேண்டாம் என்று எண்ணும் முதியவரை வற்புறுத்த வேண்டியதும் இல்லை. பொத்தான் கைப்பேசியில் இயங்கும் யுபிஐ 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று தொடங்கிவைத்தது. பழகிய கருவியில் பாதுகாப்பாக இருப்பது, பழகாத கருவியில் பதற்றத்தோடு இருப்பதைவிட மேலானது.

புதிய கைப்பேசி வாங்குவது மகிழ்ச்சிக்குரியதே. அதன் ஒளிப்படக் கருவியும் வேகமும் முதல் நாளிலேயே நம்மைக் கவரட்டும். வங்கிச் செயலி மட்டும் நம்மோடு பழக ஒரு நாளோ இரண்டு நாளோ கேட்குமாயின், அந்த அவகாசத்தை அதற்குக் கொடுப்போம். ஐயம் எழுந்தால், முன்பின் அறியாத எண்ணை நாடாமல், கணக்குப் புத்தகத்துடன் அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். பதிவை உங்கள் கையாலேயே செய்து முடிக்க எங்கள் ஊழியர்கள் உடனிருந்து உதவுவார்கள்.